ஊசி முனையில் ஓராண்டு

மைசூருக்கு வருவோர் முதலில் அரண்மனையைக் காண்பர். 1897ஆம் ஆண்டில் பழைய மர அரண்மனை தீக்கிரையானபின், 1912இல் கட்டி முடிக்கப்பெற்ற அம்மாளிகை ஞாயிறு மாலைகளில் விளக்கொளியில் மிதப்பதைக் கண்டு வியப்பர். பின்னர்ச் சாமுண்டி மலையேறி அன்னையைத் தொழுவர்; வழியில் ஒரே கல்லில் செதுக்கிய நந்தியின் முன் நின்று படம் பிடித்துக்கொள்வர்; பிருந்தாவனத்து நீரூற்றுகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவர். நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களுக்கு வரும் விருந்தினரை நாம் அழைத்துச் செல்லும் வழியும் இதுதான். அதில் குறையொன்றும் இல்லை.

ஆயினும் இந்நகரில் குடியிருப்போர்க்கென்று வேறொரு மைசூர் உண்டு. சின்னக் கடிகாரக் கோபுரத்தருகே தேவராஜா சந்தைக்குள் நுழைந்து, மல்லிகைச் சரங்களையும் வெற்றிலைக் கட்டுகளையும் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்த குங்குமத்தையும் கடந்து வெளியே வந்தால், சுற்றிலும் உள்ள தெருக்களில் நூற்கண்டும் பொத்தானும் நாடாவும் சரிகைக் கரையும் விற்கும் சிறு கடைகளைக் காணலாம். வழிகாட்டி நூல்களில் இவற்றுக்கு இடமில்லை. சென்ற ஆண்டு விஜயதசமி தொடங்கி இவ்வாண்டு விஜயதசமி வரை நாங்கள் கண்ட மைசூர் பெரும்பாலும் இதுவே. அப்படிக் காண நேர்ந்த காரணத்தையும், அதனால் எங்கள் சிறு குடும்பத்தில் விளைந்ததையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பி இதனை எழுதுகிறோம்.

பெட்டிக்குள் கிடந்த பாவாடை

எங்களுடையது ரயில்வேச் சம்பளத்தில் வாழும் குடும்பம். அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ரயில்வே குடியிருப்பில் இரண்டு அறை வீடு. இல்லாள், பதினோரு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், எங்கள் தாயார். தந்தையார் மறைந்தபின், ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், குளித்தலையிலிருந்து தாயாரை இங்கே அழைத்து வந்தோம். காவிரிக் கரையை விட்டு வர அவருக்கு மனமில்லை. “மைசூரிலும் குடிப்பது காவிரித் தண்ணீர்தான் அம்மா” என்று சொல்லித்தான் அழைத்து வந்தோம். ஆறு ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது என்பது வந்த பிறகே தெரிந்தது.

அண்டை வீட்டார் பேசுவது அவருக்கு விளங்கவில்லை. பேத்திக்கோ பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், தெருவில் கன்னடம். வீட்டில் பேசும் தமிழும் நாளுக்கு நாள் சுருங்கி வந்தது. “சாப்பிட்டாயா கண்ணு?” என்று தாயார் கேட்பார். “சாப்பிட்டேன் அப்பாயி” என்று பெண் சொல்வாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சில்லை. அவள் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள்; இவர் சன்னலோரம் அமர்ந்து விடுவார். கண்களில் புரை வளர்ந்து வந்தது. அறுவை செய்துகொள்ளுமாறு பலமுறை வேண்டினோம். “இனி எதைப் பார்க்கப் போகிறேன்?” என்பதே அவர் மறுமொழி. அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அழைத்து வந்தது தவறோ என்று எங்கள் நெஞ்சு சுடும்.

ஊரில் எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. மைசூருக்கு வந்த பின்னர், தசராக் காலத்தில் வீடுதோறும் பொம்மைகள் அடுக்குவதைக் கண்டு, குழந்தைகளுக்காக நாங்களும் பழகிக்கொண்டோம். சென்ற ஆண்டு விஜயதசமியன்று, பொம்மைகளைச் சுற்றி வைக்கப் பழந்துணி தேடிப் பெண் அப்பாயியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு சாண் அளவேயுள்ள பாவாடை ஒன்று கிடந்தது. சிவப்புச் சீட்டித் துணி. கீழே சுருக்கு வைத்து, ஓரத்தில் மஞ்சள் நூலால் சங்கிலித் தையல். முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமக்கையாரின் மரப்பாச்சிக்காகத் தைத்தது.

“இதை யார் தைத்தது அப்பாயி?”

“நான்தான்.”

“கையாலா? எனக்குச் சொல்லித் தருவீர்களா?”

தாயார் அப்பாவாடையை விரலால் தடவிப் பார்த்துச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “ஒரு நாளில் வராது. ஒரு வருஷம் உட்கார்ந்தால் வரும்” என்றார்.

வித்தை தொடங்குவதற்கு உரிய நாளல்லவா விஜயதசமி? அன்று மாலையே விதிகள் வகுத்தோம். மாதம் ஒரு பொருள், ஆண்டுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் வீட்டார் கையால் செய்ததாயிருக்க வேண்டும். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை எல்லோரும் கூடத்தில் அமர வேண்டும். அடுத்த நவராத்திரியில் அப்பன்னிரண்டும் கொலுவின் கடைசிப் படியில் வரிசையாக இடம்பெற வேண்டும். குமாஸ்தாப் பழக்கம் விடுமா? நீளக் குறிப்பேடு ஒன்று வாங்கிக் கோடு கிழித்து, மாதம், பொருள், செலவு, செய்தவர் என்று நான்கு பத்திகள் போட்டோம்.

சூஜியும் கத்தரியும்

அடுத்த சனிக்கிழமை ஊசி நூல் வாங்கத் தாயாரையும் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் சென்றோம். ஆறு ஆண்டுகளில் அவர் கோவிலுக்கன்றி வேறெங்கும் வந்தவரல்லர். கடைக்காரர் கன்னடத்தில் கேட்டதைப் பெண் தமிழில் சொன்னாள். தாயார் தமிழில் சொன்னதை அவள் கன்னடத்தில் கடைக்காரரிடம் சொன்னாள். இரண்டாம் கடையிலேயே தாயாருக்கு ஒன்று புலப்பட்டது. ஊசிக்குச் சூஜி; கத்திரிக்குக் கத்தரி; நூலுக்கு நூலு என்றே ஒரு சொல். “இது என்ன, நம் பேச்சுப் போலத்தானே இருக்கிறது?” என்று வியந்தார். மூன்றாம் கடையில் அவரே, “சூஜி” என்று கேட்டு வாங்கினார். எண் கூடக் கூட ஊசி மெலிதாகும் என்பதையும், தடித்த துணிக்குச் சிறிய எண்ணே வேண்டும் என்பதையும் அங்கேயே பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தார். நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான் ஒன்றை அவள் விரலுக்கு அளவு பார்த்து வாங்கினார்.

அன்று மானந்தவாடிச் சாலை வழியே திரும்புகையில் அரசுப் பட்டு நெசவாலையைக் கண்டோம். மைசூர்ப் பட்டின் தாயகம் அது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912இல், சுவிட்சர்லாந்திலிருந்து தறிகள் தருவித்துத் தொடங்கியது. கைவேலையைப் பற்றி எழுதப் புகுந்த நாங்கள் இதனை மறைக்கக் கூடாது: உலகம் போற்றும் மைசூர்ப் பட்டு விசைத்தறியில் நெய்வதே. இயந்திரத்தை இகழ்வதற்காக நாங்கள் ஊசி எடுக்கவில்லை. ரயில்வேயில் ஊதியம் பெறுவோர் இயந்திரத்தை எவ்வாறு இகழ முடியும்? கை வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேச முடிகிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது அதுவே.

ஐப்பசியில் பழைய சீருடைக் காற்சட்டையிலிருந்து காய்கறிப் பை ஒன்று உருவாயிற்று. கோணல் மாணலான ஓட்டுத் தையல். ஆயினும் மூன்று கிலோ வெங்காயம் தாங்கியது. கார்த்திகையில் தலையணை உறை. மார்கழிக் குளிர் மைசூரில் சற்றுக் கடுமையானது. பழைய நூற்சேலைகளை மூன்று மடிப்பாக அடுக்கி, நெடுக நூலோட்டி ஒரு போர்வை தைத்தோம். நான்கு மூலைக்கு நால்வர் அமர்ந்து தைத்த வேலை அது. தாயாரால் ஊசி கோக்க முடியாது; பெண் பத்து ஊசிகளில் நூல் கோத்து ஒரு துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவாள். பிறகு தாயார் விரல் நுனியாலேயே தையலின் இடைவெளி அறிந்து தைப்பார். அவர் தைத்த பக்கமே நேராயிருந்தது.

தையின் போது ஒயர்க் கூடை. இதில் இல்லாளே ஆசிரியை. சிவன் கண் முடிச்சும் நெல்லிக்காய் முடிச்சும் பள்ளிக் காலத்தில் கற்றவர். பையனும் அதில் நான்கு வரிசை பின்னினான். குறிப்பேட்டில் ‘செய்தவர்’ என்ற பத்தியில் தன் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்று அவனே கேட்டு, ஒரு முழு மாலையும் அதற்கே செலவிட்டான்.

மாசியில் செய்த பிழை

நான்கு மாதம் ஒழுங்காக நடந்த வண்டி மாசியில் தடம் புரண்டது. இல்லாளுக்குக் காய்ச்சல், பெண்ணுக்குத் தேர்வு. மாதக் கடைசி ஞாயிறும் கழிந்தது. குறிப்பேட்டில் ஒரு வரி வெறுமையாக நிற்பதைக் காண மனம் ஒப்பவில்லை. கணக்கு எழுதிப் பழகிய கைக்கு வெற்றிடம் என்றால் ஆகாது. கடைத்தெருவில் பூவேலை செய்த சிறு பணப்பை ஒன்றை வாங்கி வந்து, சீட்டைக் கிழித்துவிட்டு, பெட்டியில் மற்றவற்றோடு வைத்தோம். ‘மாசி: பணப்பை’ என்று எழுதியும் விட்டோம். கணவனும் மனைவியும் மட்டும் அறிந்த இரகசியம்.

சில நாள் கழித்துத் தாயார் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். பணப்பை கைக்கு வந்ததும் நின்றார். ஓரத்தை விரலால் நீவினார். கண் மங்கியவருக்குக் கை ஏமாறவில்லை.

“இதைத் தைத்தவர் கையும் கைதானப்பா. குறை சொல்லவில்லை. ஆனால் நம் கணக்கில் சேர்க்காதே” என்றார்.

வேறொரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிரவு குறிப்பேட்டில் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்தோம். அடுத்து வந்தது பங்குனி. மார்ச்சு முடிவுக் கணக்கு என்றால் அலுவலகத்தில் பணியாற்றும் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறும் அலுவலகத்திலேயே கழிந்தது. அம்மாதம் பொய்யும் எழுதவில்லை, மெய்யும் செய்யவில்லை. ஊசிகள் துணியில் குத்தியபடியே இருந்தன. பெண் மீண்டும் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். தாயார் மீண்டும் சன்னலோரம் சென்று அமர்ந்தார்.

பதனவாளுப் பயணம்

சித்திரையில் பள்ளி விடுமுறை தொடங்கியதும், ஒரு ஞாயிறன்று நஞ்சன்கூடு செல்வதென முடிவு செய்தோம். சாமராஜநகர் செல்லும் வண்டியில் ஏறினால் ஒரு மணிக்கும் குறைந்த பயணம். கபினி ஆற்றின்மேல் வண்டி செல்லும்போது பக்கத்தில் பழைய கல்பாலம் ஒன்று தெரியும். 1735இல் கட்டியதாகச் சொல்லப்படும் பாலம். பிற்காலத்தில் அதன்மீதே மீட்டர் கேஜ் ரயில் ஓடிற்று. அகலப் பாதை வந்தபின் அது ஓய்வு பெற்றுவிட்டது. ரயில்வேக் குடும்பத்துப் பிள்ளைகள் அதனைக் கைகூப்பியே கடக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஸ்ரீகண்டேசுவரரைத் தரிசித்து, பெயர் பெற்ற நஞ்சன்கூட்டு ரசவாழைப்பழமும் உண்டபின், சாமராஜநகர்ச் சாலையில் பேருந்தேறிப் பதனவாளு என்னும் சிற்றூரை அடைந்தோம். கதர்த் தொழிலுக்குப் பெயர்போன ஊர். 1927ஆம் ஆண்டு, மைசூர்ச் சமஸ்தானத்தில் உடல் தேறத் தங்கியிருந்த காந்தியடிகள் இங்கு வந்ததை ஊரார் பெருமையோடு சொல்கின்றனர். 2015இல் நாடக ஆசிரியர் பிரசன்னா அவர்கள், கைத்தொழிலையும் எளிய வாழ்வையும் வலியுறுத்திச் சத்தியாக்கிரகம் நடத்தியதும் இவ்வூரிலேதான். பெருங்கூட்டம் இல்லை, சந்தடி இல்லை. நூற்பதும் நெய்வதும் பெரும்பாலும் பெண்டிர் கையில் இருக்கும் இடம். அங்கே திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு முதிய அம்மையார், எங்கள் தாயாரின் விரல்களைப் பார்த்துவிட்டு ஏதோ கன்னடத்தில் கேட்டார். “தையல்காரியா என்று கேட்கிறார் அப்பாயி” என்றாள் பெண். தாயார் சிரித்தார். பங்குனி முழுவதும் நாங்கள் காணாத சிரிப்பு அது.

அந்த மர நிழலில் அமர்ந்து, பள்ளிக் காலத்தில் படித்தும் பிற்பாடு தேடியும் அறிந்த வரலாறு ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொன்னோம். இதே கன்னட நாட்டில், பெல்காம் நகரில், 1924 டிசம்பரில் காங்கிரசு மகாசபை கூடிற்று. காந்தியடிகள் தலைமை வகித்த ஒரே மகாசபை அதுதான். அங்கே ஒரு புதுமையான விதி ஏற்கப்பட்டது. உறுப்பினராக விரும்புவோர் காசு கொடுத்தால் போதாது. மாதந்தோறும் 2,000 கஜம் நூல் நூற்றுக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 24,000 கஜம். ரயில்வேக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். மைசூரில் நூலின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே வந்தால் நஞ்சன்கூட்டுக்குச் சற்று முன்னர்த் தீர்ந்துபோகும்.

“எல்லோரும் நூற்றார்களா?” என்று பெண் கேட்டாள்.

அதே விதியில் ஒரு சிறு வாசலும் இருந்தது. நோயாலோ விருப்பமின்மையாலோ நூற்க முடியாதவர், பிறர் நூற்ற நூலை அதே அளவு கொடுக்கலாம். ஓராண்டு முடியவில்லை, 1925 செப்டம்பரில் பாட்னாவில் கூடியபோது, நூலுக்கு மாற்றாக ஆண்டுக்கு நாலணா செலுத்தினாலும் போதும் என்று விதி தளர்ந்தது. நூற்பதையே தொண்டாகக் கொண்டவர்க்கென அகில இந்திய சர்க்கா சங்கம் அப்போதே தனியாக அமைந்தது. மனமொப்பி நூற்றவர்கள் அதன்பின்னும் நூற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதைச் சொல்லி வரும்போதே மாசி மாதத்துப் பணப்பை எங்கள் நினைவில் உறுத்தியது. நாட்டின் பெரியோர் கூடி வகுத்த விதியே பிறர் நூலுக்கு வாசல் திறந்து வைத்திருந்தது, நாங்கள் எம்மட்டு? பெண்ணிடம் மறைக்காமல் நடந்ததைக் கூறினோம். அவள் சினப்பாள் என்று எண்ணினோம். அவளோ, “அப்படியென்றால் இரண்டு மாதம் போயிற்று, பத்து மாதம் மிச்சம் பண்ணலாம் அல்லவா?” என்றாள். தவறிய பெண்டிர் ஆடவர் அனைவருக்கும் இதைவிடச் சிறந்த அறவுரை உண்டோ? விரதம் ஒருமுறை முறிந்தால் முற்றும் முறிந்தது என்று கைவிடுவது நம்மிடையே உள்ள பெரிய குறை. முறிந்த இடத்தைக் காட்டி வைத்துவிட்டு மேலே நடப்பதே முறை.

அம்மாதப் பொருளாக வீட்டில் கிழிந்திருந்த துணியனைத்தையும் சீராக்கினோம். பழுது பார்ப்பதும் ஒரு பொருளாகுமா என்று வழக்கு எழுந்தது. “முதலில் அதுதான்” என்று தாயார் தீர்ப்பளித்தார்.

இரு புறமும் ஒன்றாய்

எங்கள் பக்கத்து வீட்டில், ஹூப்ளியிலிருந்து மாற்றலாகி வந்த ரயில்வே ஊழியர் குடும்பம் வசிக்கிறது. அவ்வீட்டு அம்மாள் தார்வாட் பகுதியினர். வைகாசியில் ஒருநாள் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சபையைக் கண்டு, தாமும் ஒரு துணியுடன் வந்து அமர்ந்தார். அவர் அறிந்த வேலை கசூதி. அன்பர்கள் இல்கல் சேலைகளில் அதனைப் பார்த்திருக்கலாம்; கோபுரம், தேர், பல்லக்கு, துளசி மாடம், யானை என்று சிறு சிறு உருவங்கள். கவந்தி, முர்கி, நேய்கி, மெந்தி என நால்வகைத் தையல். மெந்தி என்றால் நம் வெந்தயம். துணியில் படம் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளையே எண்ணி எண்ணித் தைப்பது. முடிச்சுப் போடுவதும் இல்லை. கவந்தியில் ஒரு வழியாகச் சென்ற ஊசி, விட்டுப்போன இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு அதே வழியில் திரும்பி வரும். முடிந்தபின் திருப்பிப் பார்த்தால் உள்ளும் புறமும் வேறுபாடு இராது.

நாற்பது ஆண்டு தைத்த எங்கள் தாயாருக்கே இது புதிது. ஆவலோடு துணியை வாங்கினார். இழையை எண்ணத் தொடங்கினார். இயலவில்லை. இதுவரை விரலால் சமாளித்தவருக்கு இங்கே விரல் உதவவில்லை, கண்தான் வேண்டும். துணியை முகத்தருகே கொண்டுபோனார், வெளிச்சத்தில் பிடித்தார், இறுதியில் மடித்து வைத்துவிட்டார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் பேத்தியும் பக்கத்து வீட்டு அம்மாளும் கன்னடத்தில் இழை எண்ணிக்கொண்டிருக்க, இவர் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாதப் பொருளாக அவர் விரலாலேயே ஒரு சுருக்குப் பை தைத்தார்.

நான்காம் ஞாயிறு இரவு, உணவு முடிந்தபின், “அந்த ஆஸ்பத்திரிக்கு என்று போகலாம்?” என்று கேட்டார்.

ஆறு ஆண்டுகளாக மகனும் மருமகளும் மருத்துவரும் சொல்லி நடவாததை ஒரு முழத் துணி நடத்திவிட்டது. ஆனி மாதத்தில் வலக்கண்ணில் அறுவை நடந்தது. சில வாரம் குனியக் கூடாது, தலையில் நீர் படக் கூடாது என்று கட்டுப்பாடு. அக்காலத்தில் பெண்ணே தனியாகத் தம்பிக்கு உணவுப் பை ஒன்று தைத்தாள். தாயார் கறுப்புக் கண்ணாடியுடன் நாற்காலியில் அமர்ந்து கட்டளையிடுவார். “நூலை இழுக்காதே, இட்டுக்கொண்டு போ” என்பார். ‘இட்டுக்கொண்டு போ’ என்றால் என்ன என்று அவள் கேட்பாள். ஓரம் மடித்தல், இழையோட்டுதல், கொசுவம், முந்தானை, தலைப்பு என்று எத்தனையோ சொற்கள் இவ்வழியே அவளிடம் சென்று சேர்ந்தன. தமிழ் வகுப்பு நடத்துகிறோம் என்ற நினைவு எவருக்கும் இருக்கவில்லை.

ஆடியில் தாயார் இழைகளை எண்ணினார். கைக்குட்டை அளவுள்ள துணியில் ஒரு கோபுரம். மூன்று முறை பிரித்துத் தைத்தார். முடித்ததும் திருப்பிப் பார்த்து, “பின்பக்கம் ஓரிடத்தில் பிசகியிருக்கிறது” என்றார். எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. அதுவே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

கடைசிப் படி

ஆவணியில் இல்லாள் குரோஷா ஊசியால் ஒரு மேசை விரிப்பு பின்னினார். புரட்டாசிக்கென்று வைத்திருந்தது பொம்மை உடுப்பு. மைசூர்க் கொலுவில் தலைமை வகிப்பது ‘பட்டத கொம்பே’ எனப்படும் அரசன் அரசி மரப் பொம்மைகள். மணப்பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பும் இணை; ஆண்டுதோறும் புத்தாடை உடுத்தி முதலில் அமர்த்துவர். நம் மரப்பாச்சிக்கு உறவினர்தாம். ஊரிலிருந்து தமக்கையார் தம் பழைய மரப்பாச்சி இணையை அனுப்பி வைத்தார். பழைய சிவப்புப் பாவாடையை அளவாகக் கொண்டு புதிய பாவாடையைப் பெண் தைத்தாள். ஆண் பொம்மைக்கு மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகையைச் சரிகைத் துண்டால் தாயார் சுற்றினார். பக்கத்தில் வைக்கப் பையனுக்குச் சென்னபட்டணத்துப் பம்பரம் ஒன்று கிடைத்தது. ஊருக்குப் போகும் ரயில் பாதையிலேயே உள்ள ஊர் அது. பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றி, தாழை ஓலையால் மெருகிடுகின்றனர். வண்டி நிற்கும் சிறு நேரத்தில் அன்பர்கள் சன்னல் வழியே பார்த்ததோடு விடாமல், ஒருமுறை இறங்கிச் சென்று பார்ப்பது நன்று.

இவ்வாண்டுக் கொலுவின் கடைசிப் படியில் எங்கள் பொருள்கள் அமர்ந்தன. பத்துப் பொருள்; பன்னிரண்டு இடம். மாசிக்கும் பங்குனிக்கும் உரிய இரண்டு இடத்தையும் நிரப்பக் கூடாது என்று பெண் சொல்லிவிட்டாள். தாம்பூலத்துக்கு வந்த அண்டை வீட்டுப் பெண்டிர் எல்லோரும் அந்த வெற்றிடத்தைக் காட்டிக் காரணம் கேட்டனர். பெண் வாய் திறக்கும் முன்னரே, நாற்காலியில் அமர்ந்திருந்த எங்கள் தாயார், “எரடு திங்களு தப்பிது” என்றார். இரண்டு திங்கள் தவறிவிட்டது என்று பொருள். அவர் பேசிய முதல் முழுக் கன்னட வாக்கியம் அது. திங்கள் என்ற சொல் நம்முடையதும்தானே!

ஓராண்டில் ஆன செலவு, பத்தியைக் கூட்டிப் பார்த்தால், 1,460 ரூபாய். தவறிய மாதம் இரண்டு. இவ்விரண்டையும் குறிப்பேட்டில் அப்படியே விட்டிருக்கிறோம்.

இதுபோல் தொடங்க விரும்பும் இல்லங்களுக்கு எங்கள் அனுபவத்தில் மூன்று சொல்வோம். பெரிய பொருளில் தொடங்க வேண்டா. பையும் உறையும் போதும். நாளையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊக்கம் வந்தபோது செய்வோம் என்றால் அது மாசியில் வாராது. வீட்டில் மூத்தவர் இருப்பின் அவரையே ஆசிரியராக்குங்கள். அவர் கை அறிந்ததை நம்மில் பலர் கேட்டதே இல்லை.

இவ்வாண்டு விஜயதசமியன்று குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் மீண்டும் பன்னிரண்டு கோடு கிழித்தோம். ஐப்பசி மாதத்துக்கு எதிரே ‘கசூதித் துளசி மாடம், தலையணை உறை இரண்டு’ என்று பெண் தன் கையாலேயே தமிழில் எழுதியிருக்கிறாள். இடக்கண் அறுவைக்குத் தாயார் தையில் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.